கடல் அறுத்த தீவில் ஒரு பகல்

மேற்கிந்தியத் தீவுகளில் ஆன்டிகுவாவைக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவார்கள். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த இடம் அது. அதற்கு வடக்கே சுமார் 27 மைல் தள்ளி, அதே நாட்டைச் சேர்ந்த பார்புடா என்ற தீவு இருக்கிறது. (பார்படாஸ் வேறு, பார்புடா வேறு.) காலையில் சிறு விமானத்தில் போய் மாலையில் திரும்பிவிடலாம். விமானம் நம் ஊர் மினி பஸ்ஸை விடச் சிறியது. பைலட்டின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார வேண்டும். கால் மணி நேரத்தில் தீவு தெரிகிறது.

ஏறத்தாழ 40 ஆயிரம் ஏக்கர் பரப்பு. களத்துமேடு போல் தட்டை. மிக உயர்ந்த மேடே 125 அடிதான். மேற்கில் பெரிய காயல். காயலையும் கடலையும் பிரிப்பது நீண்ட வரப்பு போன்ற மணல் திட்டு. 2017 செப்டம்பர் 6 அதிகாலையில் இர்மா புயல் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் வந்தது. புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. கடல் சுமார் 8 அடி உயர்ந்தது. மணல் வரப்பு உடைந்து, காயலுக்குள் கடல் நேராகப் புகுந்தது. மடை உடைத்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. ஒரு குழந்தை இறந்தது. பின்னாலேயே ஹோசே என்ற இன்னொரு புயல் வருவதாகச் செய்தி வரவே, தீவின் மக்கள் அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆடு, மாடு, குதிரை, கழுதை, நாய் எல்லாம் தீவிலேயே நின்றன.

ஊர்க்கோடியில் ஒரு பெரியவரின் தோட்டத்தைப் பார்த்தோம். சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், மணிலாக்கொட்டை. அங்கே கால்நடையைக் கட்டுவதில்லை, பயிரைத்தான் வேலி போட்டு அடைக்கிறார்கள். புயலில் வேலி சாய்ந்தது. விரட்ட ஆளும் இல்லை. காற்று விட்டுவைத்ததைக் கழுதைகள் தின்று தீர்த்தன என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திரும்பி வந்ததும் வீட்டுக் கூரைக்கு முன்னால் வேலியைத்தான் கட்டினாராம். விவசாயிக்கு விவசாயி வித்தியாசமில்லை!

அந்தத் தோட்டத்துக்குப் பட்டா கிடையாது. இந்தத் தீவின் விசேஷமே அதுதான். 1685 முதல் காட்ரிங்டன் என்ற குடும்பம் தீவைக் குத்தகைக்கு வைத்திருந்தது. சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண், மழையும் குறைவு என்பதால் கரும்பு வரவில்லை. ஆன்டிகுவாவின் கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய கால்நடைகளையும் உணவையும் இங்கே அடிமைகளை வைத்து உற்பத்தி செய்தார்கள். 1834இல் விடுதலை பெற்றவர்களின் சந்ததியார், நம் மந்தைவெளியைப் போல, முழுத் தீவையும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டில் பயிரிடுவது, மண் களைத்தால் ஆறப்போட்டு வேறு துண்டுக்குப் போவது என்பது வழக்கம். 2007இல் இது சட்டமாகவும் ஆயிற்று.

புயலுக்குப் பிறகு அரசு அந்தச் சட்டத்தை மாற்றியது. தனியுடைமை வந்தால்தான் முதலீடு வரும், தீவு நிமிரும் என்பது அரசின் வாதம். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் லண்டன் பிரிவி கவுன்சில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. புதிய விமான நிலையத்துக்காகக் காட்டை அழித்த வேலையோ, மக்கள் அகதிகளாக ஆன்டிகுவாவில் இருந்த 2017இலேயே தொடங்கிவிட்டது. அதை எதிர்த்து வழக்காடும் உரிமை தீவுவாசிகளுக்கு உண்டு என்று 2024இல் அதே பிரிவி கவுன்சில் சொன்னது. அந்த ஆண்டே நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கொல்லையை அளந்தது போல்தான் எனக்குப் பட்டது.

உப்பேறிய மண்ணைப் பற்றி நம்மவர்கள் கேட்பார்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. பார்புடாவின் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இயற்கையாகவே இருப்பதால், வடிகால் உள்ள இடத்தில் நல்ல மழை பெய்தால் உப்பு கீழே கழுவப்பட்டுப் போகும். களிமண் நிலமானால் கதை வேறு. உப்பிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் போடுவது பணத்துக்குக் கேடு. கிணற்று விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. கடலோர நிலத்தடியில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. உப்பை இறைத்துத் தீர்க்கிறேன் என்று மோட்டாரை விடாமல் ஓட்டினால், கீழே உள்ள உப்பு நீர் மேலே ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

பிற்பகலில் படகில் காயலுக்குப் போனோம். புயலில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாகிப் போன அலையாத்திப் புதர்களில் கடற்கூழைக்கடாப் பறவைகள் மறுபடி ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கின்றன. ஆண் பறவை சிவந்த தொண்டைப் பையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தீவுக்கே உரிய பார்புடா வார்ப்ளர் என்ற சிறு குருவி அழிந்தேபோயிருக்கும் என்று பயந்தவர்கள், தேடிப்போனபோது அதையும் கண்டார்கள்.

நாலு மணிக்கு விமானம். ஏறும்போது பெரியவர் ஒரு காகிதப் பையில் வறுத்த மணிலாக்கொட்டை கொடுத்தார். பருப்பு சிறிது, ஆனால் நல்ல ருசி.