உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஊர், இரண்டு ஃபோல்டர்!

● அலுவலக சர்வரில் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரும் அதே பெயரில் ஒன்று தொடங்குகிறார். 'ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லாமல் சர்வர் அதையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். காரணம் முதல் எழுத்து. வெகுகாலம் 'ஸ'வில் தொடங்கித்தான் கணினியில் 'ஸ்ரீ' எழுதினோம். 2005இல் யூனிகோடு 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்ததும், அதில் தொடங்குவதே சரி என்றானது. இன்றும் இரண்டு வழக்கமும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும்; சர்வர் பார்ப்பதோ பைட்டுகளை மட்டும். ராஜபாளையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

● பால்கோவாவுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமித்தது. இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்வதால் மென்பொருளால் ஒன்றாக்கிவிட முடியும். 'ஸ்ரீ'க்கு அந்த வழியும் இல்லை.

● தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும், புள்ளி உட்பட, யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ராஜபாளையம் 30 பைட், ஸ்ரீவில்லிபுத்தூர் 54. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஒரு பெயருக்குத் தருவது 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறிதான். பெயரின் உச்ச நீளத்தைச் சொல்ல, சர்வரின் கோப்புகளை மற்றக் கணினிகளுக்குப் பகிரும் என்எஃப்எஸ் 4 நெறிமுறையில் 29ஆம் எண் பண்பு இருக்கிறது.

● அந்த நெறிமுறையில் கோப்பின் பண்புகள் எண்களால் கேட்கப்படுகின்றன. எந்தெந்த எண்ணுக்கு விடை தருகிறேன் என்று சர்வர் முதலில் குறித்துவிட்டு, விடைகளை எண் வரிசையில் அடுக்கி அனுப்புகிறது. இடையில் பெயர்ச்சீட்டு கிடையாது. ஒன்றைத் தருவதாகக் குறித்துவிட்டுத் தராமல் போனால், அதன் பின்னால் வருவதெல்லாம் தவறாகப் படிக்கப்படும். தெரியாத பண்புக்குப் பூஜ்ஜியம் போட்டு அனுப்புவது அதைவிடக் கொடுமை: பிழை என்றே யாருக்கும் தெரியாது. தெரியாததைக் குறிக்காமல் விடுவதே முறை.

● 3ஆம் எண் பண்பு 'சேஞ்ச்'. கோப்பு மாறினால் இதுவும் மாறியே தீர வேண்டும். பழைய எக்ஸ்ட்3 நேரத்தை முழு நொடியாகத்தான் குறித்தது. அந்த நேரத்தை வைத்தே சர்வர் இதற்கு விடை சொன்னால், ஒரே நொடிக்குள் நடந்த இரண்டு திருத்தங்கள் ஒன்றாகிவிடும். கோப்பு மாறவில்லை என்று நம்பி, மறுமுனைக் கணினி பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கும்.

● டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் பெயரிட்ட கோப்புகள் பல சர்வர்களில் இன்னும் கிடக்கின்றன. யுடிஎஃப்-8 மட்டும்தான் ஏற்பேனா என்பதைச் சர்வர் அறிவிப்பதற்கென்றே 2010இல் என்எஃப்எஸ் 4.1 ஒரு பண்பைக் கொண்டுவந்தது. எண் 76.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் சர்வர் பராமரிக்கும் தம்பி, தங்கைகளே, இன்றே 'ஸ்ரீ' என்று இரண்டு வழியிலும் ஒவ்வொரு ஃபோல்டர் தொடங்கிப் பாருங்கள். இரண்டும் நின்றால், உங்கள் அலுவலகத்துக்கு எந்த 'ஸ்ரீ' என்று முடிவுசெய்து, பழைய பெயர்களையும் அதற்கு மாற்றிவிடுங்கள்.