கோடையில் ஃபீனிக்ஸ், குளிர்காலத்தில் ரஷ்யா

2015 பிப்ரவரியில் டயானா டௌராசி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். உலகின் தலைசிறந்த கூடைப்பந்து வீராங்கனை என்று பெயர் வாங்கியிருந்த அவர், அந்த ஆண்டு சொந்த நாட்டு லீகில் ஆடப்போவதில்லை என்றார். காயம் எதுவுமில்லை, யாரோடும் மனத்தாங்கலும் இல்லை. குளிர்காலத்தில் அவர் ஆடிவந்த ரஷ்ய அணி, கோடையில் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், அதற்கான பணத்தை நாங்கள் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அப்போது ஒரு வீராங்கனை வாங்கக்கூடிய உச்சபட்சச் சம்பளமே ஆண்டுக்குச் சுமார் 1,07,000 டாலர்தான். ரஷ்யாவில் டௌராசிக்கு 15 லட்சம் டாலர் அளவுக்குக் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சும்மா இருப்பதற்கே சம்பளம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்!

உலகிலேயே வலுவான லீக் இருக்கும் நாட்டின் முதல்தர ஆட்டக்காரர், பிழைப்புக்கு ஏன் ரஷ்யாவின் யூரல் மலைப்பக்கம் போக வேண்டியிருந்தது?

டௌராசி 1982இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் அர்ஜென்டினாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2002, 2003, 2004 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு, ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 2004 டிராஃப்டில் முதல் ஆளாக அவரை எடுத்தது ஃபீனிக்ஸ் மெர்குரி. முந்தைய ஆண்டு 34 ஆட்டங்களில் எட்டை மட்டும் வென்ற அணி அது. அந்த அணியை விட்டு விலகாமல் 20 சீசன் ஆடி 2007, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். முதல் ஆண்டில் அவருடைய சம்பளம் சுமார் 40,000 டாலர்.

நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு ஆட்டம் நேரடியாகச் சோறு போடுவதில்லை. ஆட்டத்தால் கிடைக்கும் ரயில்வே வேலைதான் போடுகிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு வேலை இல்லை. அணி தருகிற பணம், விளம்பரப் பணம், அவ்வளவுதான். விளம்பரமும் அப்போது ஒரு சிலருக்கு மேல் வரவில்லை.

டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் ஆடத் தொடங்கியபோது, ஆண்களின் என்.பி.ஏ. ஓய்வில் இருக்கும் கோடைக் காலத்தை அதற்கு ஒதுக்கினார்கள். காலியாகக் கிடக்கும் அரங்குகளுக்கும் வேலை, தொலைக்காட்சிக்கும் ஆட்டம் என்ற கணக்கு. மே மாதம் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். ஐரோப்பிய லீக்குகளோ சரியாக அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை நடப்பவை. இந்தப் பொருத்தம்தான் ஒரு தலைமுறை வீராங்கனைகளின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தது. ஆண்டுக்குப் பத்து, பதினோரு மாதம் ஆட்டம். இடையில் ஒலிம்பிக்கோ உலகக் கோப்பையோ வந்தால் அந்த ஓரிரு மாதமும் போச்சு.

சம்பளம் குறைவாக இருந்ததற்கு வருமானம் குறைவு என்பதே லீக் சொல்லிவந்த காரணம். அதில் பாதிதான் உண்மை. என்.பி.ஏ.வில் கூடைப்பந்தால் வரும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. பெண்கள் லீகில் அது பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது என்று கணித்தவர்கள் உண்டு. வருமானம் சிறியது என்பது ஒரு பிரச்சினை. சிறியதிலும் சிறு பங்கு என்பது வேறு பிரச்சினை.

செம்பு முதலாளிகளும் ஓர் உளவாளியும்

ரஷ்யாவில் மட்டும் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதியதா என்றால் இல்லை. டிக்கெட் விற்ற பணத்தில் அங்கே சம்பளம் கொடுக்கவில்லை. 2015இல் டௌராசியை ஓய்வெடுக்கச் சொன்ன, யெகாத்தெரின்புர்க் நகரின் யு.எம்.எம்.சி. அணிக்குப் பின்னால் யூரல் வட்டாரத்தின் பெரிய செம்புச் சுரங்க நிறுவனம் இருந்தது. ஊருக்கும் முதலாளிக்கும் அந்த அணி ஒரு கௌரவம். லாபக் கணக்கு யாரும் பார்க்கவில்லை.

யு.எம்.எம்.சி.க்கு முன் டௌராசி ரஷ்யாவில் ஆடியது மாஸ்கோ வட்டாரத்து ஸ்பார்டக் அணியில். அதன் உரிமையாளர் ஷப்தாய் கல்மனோவிச். இஸ்ரேலில் சோவியத் உளவாளி என்று தண்டிக்கப்பட்டுச் சிறையிருந்து வந்த தொழிலதிபர். டௌராசியையும் அவருடைய தோழியும் சக வீராங்கனையுமான சூ பேர்டையும் நீச்சல்குளம் வைத்த மாளிகையில் தங்க வைத்தார். 2007இலிருந்து 2010 வரை நான்கு முறை தொடர்ந்து அந்த அணி ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக் பட்டம் வென்றது. கடைசிப் பட்டத்தைப் பார்க்க கல்மனோவிச் இல்லை. 2009 நவம்பரில் மாஸ்கோவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பெண்கள் அணியின் முழுச் செலவும் ஒரே மனிதரின் சட்டைப் பையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் கிடையாது.

அடுத்து டௌராசி போனது துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்கு. 2010 டிசம்பரில் ஊக்கமருந்துச் சோதனையில் அவர் உடம்பில் மொடாஃபினில் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக அறிவித்தார்கள். ஒப்பந்தம் ரத்தானது. 2011 பிப்ரவரியில், சோதனை செய்த அங்காரா ஆய்வகமே தன் முடிவைத் திரும்பப் பெற்றது. பழி நீங்கியது, அந்த சீசன் திரும்பி வரவில்லை. பிறகு யு.எம்.எம்.சி.யில் சேர்ந்து 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரண்டு யூரோலீக் வென்றார்.

உடம்பும் இதற்கெல்லாம் விலை கொடுத்தது. 2018இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க வீராங்கனை விருது பெற்ற பிரியானா ஸ்டீவர்ட், அடுத்த ஏப்ரலில் ரஷ்ய அணி ஒன்றுக்காக யூரோலீக் இறுதிப் போட்டியில் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். அந்தக் கோடை முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அதே ஆண்டு முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட டௌராசி அந்த சீசனில் ஆடியது ஆறு ஆட்டம்தான்.

எல்லாவற்றையும் மாற்றியது 2022. யு.எம்.எம்.சி. அணிக்காக ஆடப் போன பிரிட்னி கிரைனர் பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார். பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்தன என்பது வழக்கு. ஆகஸ்டில் ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. டிசம்பர் 8 அன்று, அமெரிக்கச் சிறையிலிருந்த ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை விடுவித்து அவரை மீட்டார்கள். கிரைனரின் அமெரிக்க அணியும் ஃபீனிக்ஸ் மெர்குரிதான். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர் எதற்காக அங்கே போனார் என்று பல அமெரிக்கர்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். கேள்வி இருபது வருடப் பழசு. உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய அணிகள் யூரோலீகிலிருந்து நிறுத்தப்பட்டன. அந்தப் பணக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

உள்ளூரிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2020 ஊதிய ஒப்பந்தம் உச்சச் சம்பளத்தை 2,15,000 டாலருக்கு உயர்த்தியது. கூடவே ஒரு நிபந்தனை: வெளிநாட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டு அமெரிக்க லீகுக்கு நேரத்தோடு வந்து சேராத அனுபவ வீராங்கனைகளுக்கு 2023இலிருந்து அபராதம், 2024இலிருந்து அந்த சீசனே கிடையாது. கயிற்றின் இரு முனையையும் லீக் பிடித்துக்கொண்டது என்று வீராங்கனைகள் முணுமுணுத்ததில் ஆச்சரியமில்லை.

பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.பி.ஏ. ஆண்கள் தனி விமானத்தில் பறக்க, ஆறரை அடி உயரப் பெண்கள் சாதாரண விமானத்தின் இருக்கைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனார்கள். நியூயார்க் லிபர்ட்டி அணி 2021இல் தன் செலவில் தனி விமானம் அமர்த்தியதற்கு லீக் விதித்த அபராதம் ஐந்து லட்சம் டாலர்! மற்ற அணிகளுக்கு அது நியாயமில்லையாம். எல்லா அணிக்கும் தனி விமானம் 2024இல்தான் வந்தது.

அந்த 2024இல்தான் கல்லூரி ஆட்டத்திலேயே புகழ்பெற்றிருந்த கெய்ட்லின் கிளார்க்கும் லீகுக்கு வந்தார். அரங்குகள் நிறைந்தன. ஆனால் அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர்தான். நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்கள் இல்லாத மற்ற புதுமுகங்களுக்கு லீக் தந்தது அதே அளவோ அதற்கும் குறைவோதான். 2025 ஜனவரியில் ஸ்டீவர்டும் இன்னொரு வீராங்கனையான நபீசா காலியரும் சேர்ந்து மயாமியில் அன்ரைவல்ட் என்ற மூவர் லீகைத் தொடங்கினார்கள். முதல் சீசனில் 36 பேர், சராசரிச் சம்பளம் 2,20,000 டாலருக்கு மேல். குளிர்காலத்தில் ஊர்விட்டு ஊர் போகாமலே சம்பாதிக்க ஒரு வழி.

டௌராசிக்கு அது தேவைப்படவில்லை. பாரிஸில் 42 வயதில் ஆறாவது ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிய அவர் 2025 பிப்ரவரியில் விடைபெற்றார். கூடைப்பந்தில் ஆண், பெண் வேறு யாரும் ஆறு தங்கம் வென்றதில்லை. டபிள்யூ.என்.பி.ஏ.வில் அவர் எடுத்த புள்ளிகள் 10,646. அவர் ஓய்வுபெறும்வரை வேறு யாரும் 10,000ஐத் தொடவில்லை. இதில் ரஷ்யாவிலும் துருக்கியிலும் எடுத்த ஒரு புள்ளிகூடச் சேராது. அவரை அளப்பவர்கள் பாதி வாழ்க்கையைத்தான் அளக்கிறார்கள்.

2026இலிருந்தான டபிள்யூ.என்.பி.ஏ. ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்கு 220 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 20 கோடி. அதைக் கண்ட வீராங்கனைகள் 2024 அக்டோபரிலேயே பழைய ஊதிய ஒப்பந்தத்திலிருந்து விலகினார்கள். 2025 ஜூலையில் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன், எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று அச்சிட்ட சட்டையோடு களத்தில் இறங்கினார்கள். நிர்ணயச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டுவதல்ல, வருமானத்தில் பங்கு என்பதே அவர்கள் கோரிக்கையாக இருந்தது. இதே நாட்டில், பல இடங்களில் இதே அரங்குகளிலேயே ஆடும் ஆண்களுக்குப் பாதி கிடைக்கும்போது, பெண்கள் கேட்டது அதிகமே இல்லை.