நெரிசலில் மிச்சம், நெடுஞ்சாலையில் செலவு

புதிதாக ஹைபிரிட் கார் வாங்கி, பண்டிகைக்கு அதில் சென்னையிலிருந்து நாகர்கோவில் பக்கம் புறப்படுகிறவர்களுக்கு விழுப்புரம் தாண்டியதும் ஒரு சந்தேகம் வரும். பெருங்களத்தூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர்ந்து வந்தபோது லிட்டருக்கு 23, 24 என்று காட்டிய மீட்டர், தடையில்லாத நான்குவழிச் சாலையில் வண்டி வேகம் எடுத்ததும் 20-க்கும் 18-க்கும் இறங்கத் தொடங்கும். ஊருக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும் என்றே நாம் பழகியிருக்கிறோம். இங்கே அது தலைகீழாகிறது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஹைபிரிட் வண்டி பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற இடம் நெரிசல்தான்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு காரையும் நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் என்று தனித்தனியாகச் சோதித்து, இரண்டு எண்களையும் கண்ணாடியில் ஒட்டித்தான் விற்க வேண்டும். டொயோட்டாவின் ராவ்4 என்ற வண்டி நம் ஊருக்கு வராவிட்டாலும் அங்கே லட்சக்கணக்கில் ஓடுகிறது. அதன் 2023-ஆம் ஆண்டு பெட்ரோல் மாடல் நம் கணக்கில் நகரத்தில் லிட்டருக்குச் சுமார் 11.5 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 14.9 கிலோமீட்டரும் தருகிறது. அதே வண்டியின் ஹைபிரிட் மாடல் நகரத்தில் 17.4, நெடுஞ்சாலையில் 16.2. நகரத்தில் பாதிக்குப் பாதி ஆதாயம், நெடுஞ்சாலையில் பத்து சதவீதம்கூட இல்லை.

சாதாரண பெட்ரோல் கார் நெரிசலில் ஏன் அவ்வளவு குடிக்கிறது? நிற்கும்போதும் எஞ்சின் ஓடுகிறது. ஏசி கம்ப்ரசரை எஞ்சினின் பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால், ஏசி வேண்டுமானால் எஞ்சினை அணைக்க முடியாது. பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டால், ஓர் அங்குலம் நகராமலே ஒரு லிட்டர் வரை எரிந்துபோகலாம். ஹைபிரிட் வண்டியில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் அணைந்திருக்கும், பேட்டரி இறங்கினால் மட்டும் எழுந்து, சில நிமிடம் ஓடி, மீண்டும் அடங்கிவிடும். ஓடுகிற அந்தச் சில நிமிடமும் தனக்கு ஏற்ற பளுவில் ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சின் மிக மோசமாக வேலை செய்வது வண்டியை மெல்ல உருட்டும்போதுதான். அந்த உருட்டும் வேலையை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது.

அடுத்தது பிரேக். நாலைந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய நடுத்தர எஸ்யுவி ஏறக்குறைய 1,600 கிலோ இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல், மின்வாரியக் கணக்கில் சொன்னால், 0.11 யூனிட். கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வேகத்தை எட்டுவதற்கு 40 மில்லி பெட்ரோல் ஆகியிருக்கிறது. சாதாரண காரில் பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாகி, காற்றில் கலந்துவிடுகிறது. சிக்னலுக்குச் சிக்னல், வேகத்தடைக்கு வேகத்தடை இதே கதை.

ஹைபிரிட் வண்டியில் பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. சக்கரம் அதைச் சுற்ற, மின்சாரம் பிறந்து பேட்டரிக்குப் போகிறது. போகும்போதும் திரும்பும்போதும் இழப்பு உண்டு. பாதிக்கு மேல் சக்கரத்துக்குத் திரும்பி வந்தாலே நல்ல கணக்கு. இதில் ஓட்டுகிறவரின் கால் மிக முக்கியமானது, ஷோரூமில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. 80-லிருந்து நான்கே நொடியில் வண்டியை நிறுத்தினால், பேட்டரிமேல் பாயும் திறன் சராசரியாக 100 கிலோவாட். அந்தச் சிறிய பேட்டரியால் அதில் சிறு பகுதியைத்தான் வாங்கிக்கொள்ள முடியும். மிச்சம் பழையபடி பேடில் சூடாகப் போய்விடும். அதே வேகத்தை இருபது நொடியில் மெல்லக் குறைத்தால் 20 கிலோவாட்தான் வரும், பேட்டரி அதைத் தாங்கும். இருபது நொடி என்பது 220 மீட்டர் தூரம். ஆகவே விக்கிரவாண்டியிலோ உளுந்தூர்பேட்டை அருகிலோ சுங்கச்சாவடியின் கூரை தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கில் லேசாக வைத்துவிட வேண்டும். பின்னால் வருகிற வண்டியையும் பார்த்துக்கொண்டுதான்.

திண்டிவனம் தாண்டி, நிற்கவும் வேண்டாம் பிரேக்கும் வேண்டாம் என்று சாலை திறந்ததும், இந்த இரண்டு ஆதாயமும் கைவிட்டுப் போகின்றன. நின்றால்தானே நிறுத்திய ஆற்றலைத் திரட்ட முடியும்? அப்போதும் கூடவே வருகிற ஆதாயம் ஒன்று உண்டு. அது எஞ்சினின் உள்ளமைப்பு.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலேறி அழுத்துகிறதோ, எரிந்த வாயு அதே தூரம்தான் அதைக் கீழே தள்ளுகிறது. இன்னும் தள்ளுவதற்கு வலு இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, அந்த வலு சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1882-ல் இதற்கு ஒரு வழி கண்டார்: அழுத்தும் தூரத்தைக் குறைத்து, விரியும் தூரத்தைக் கூட்டுவது. இன்றைய ஹைபிரிட் எஞ்சின்களில் காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடி இதைச் சாதிக்கிறார்கள். டொயோட்டாவின் நான்காம் தலைமுறை பிரியஸ் காரின் எஞ்சின், பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றியது இந்த முறையின் துணையோடுதான். நல்ல முறை என்றால் நூறாண்டுக்கும் மேல் கார்களில் ஏன் பெரிதாக எடுபடவில்லை? இந்த எஞ்சினுக்கு, நின்ற இடத்திலிருந்து இழுக்கும் வலு குறைவு. முதல் சுற்றிலிருந்தே முழு முறுக்கு விசையைத் தரும் மோட்டார் பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் அட்கின்சனின் யோசனைக்குச் சாலையில் வாழ்வு கிடைத்தது. ஜப்பானில் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ் அந்தக் கூட்டை நிலைநிறுத்தியது.

எஞ்சினையும் மோட்டாரையும் எப்படிச் சேர்த்தார்கள் என்பது என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிற விஷயம். டொயோட்டா முறையில் கிளட்ச் கிடையாது, மாற்றுவதற்கு ஒன்று இரண்டு என்று கியர்களும் கிடையாது. நடுவில் சூரியன் போல ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றி வரும் கோள்கள் போலச் சில சிறு பற்சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் ஒரு வளையம். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், சூரியனில் ஜெனரேட்டர், வளையத்தோடு பெரிய மோட்டாரும் சக்கரங்களும். முதல் பிரியஸில் வளையத்துக்கு 78 பல், சூரியனுக்கு 30 பல். அந்தக் கணக்குப்படி எஞ்சினின் முறுக்கு விசையில் 72 சதவீதம் சக்கரத்துக்கும், 28 சதவீதம் ஜெனரேட்டருக்கும் தானாகவே பிரிந்துவிடும். ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், வண்டி எந்த வேகத்தில் போனாலும் எஞ்சினை அதற்குப் பிடித்த வேகத்தில் வைத்திருக்கலாம். நம் சாலைகளில் ஓடும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஹோண்டா சிட்டி ஹைபிரிட் வேறு வழியில் போகிறது. ஊருக்குள் எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரத்தோடு நேரடியாகப் பூட்டிவிடும். அந்த நிலையில் பெட்ரோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்குவது வீண் என்று வடிவமைத்தவர்களுக்கே தெரியும்.

இனி நெடுஞ்சாலையில் மைலேஜைத் தீர்மானிப்பது காற்றும் வேகமும்தான். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். நான் மேலே சொன்ன 1,600 கிலோ வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், டயரின் உருள் தடையையும் சேர்த்து, 90-ல் எதிர்க்கும் விசை சுமார் 440 நியூட்டன், 110-ல் 585. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். 90-ல் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 110-ல் 15-தான் கொடுக்கும். விழுப்புரத்திலிருந்து மதுரை வரை உத்தேசமாக 300 கிலோமீட்டர் என்று கொண்டால், 110-ல் போய் மிச்சம் பிடிப்பது 36 நிமிடம், கூடுதலாக எரிப்பது ஐந்து லிட்டர். ஹைபிரிட் வாங்கியதால் கிடைத்த நெடுஞ்சாலை ஆதாயம் முழுவதையும் இந்த வேகம் தின்றுவிடும். கூரைமேல் கேரியர் கட்டி மூட்டை ஏற்றினால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆடி, ஆவணியில் ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி நெருங்கும்போது மீட்டர் சரசரவென்று இறங்கும். மலை இடைவெளி வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று அங்கே முகத்தில் அறைகிறது. எதிர்க்காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால், 80-ல் போகும் வண்டி காற்றைப் பொறுத்தவரை 116-ல் போகிறது. காற்றின் தடை இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

ஊர் வந்து சேர்ந்ததும் என் சித்தப்பா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்கா, இதுக்கு சார்ஜ் எங்க போடணும்?"

"சார்ஜ் போடவே வேண்டாம் சித்தப்பா. பெட்ரோல் அடிச்சா போதும்."

"அப்போ கரண்டு எங்கேருந்து வருது?"

சரியான கேள்வி. அத்தனை கரண்டும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. பிரேக்கில் திரட்டியதும்கூட, முன்பு பெட்ரோல் எரித்து வாங்கிய வேகம்தான். தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மின்கார் என்று இதை விளம்பரம் செய்வது எனக்கு உடன்பாடில்லை, வாங்குகிறவரை அது குழப்புகிறது. பல மின்கார்களின் பேட்டரி 40 யூனிட்டுக்கு மேல் போகும்போது, ஹைரைடர், கிராண்ட் விட்டாரா வண்டிகளில் இருப்பது 0.76 யூனிட். மின்காரில் இருப்பது நெற்குதிர் என்றால், இது அன்றாடம் எடுத்துப் போடுகிற அரிசிப் பானை. நிறைவதும் வேகம், காலியாவதும் வேகம்.

மலைப்பாதையில் இது தெளிவாகத் தெரியும். அதே 1,600 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 0.44 யூனிட் ஆற்றல் வெளிப்படும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேட்டரியின் ஆயுளுக்காக அதன் நடுப்பகுதியை மட்டுமே வண்டி பயன்படுத்துவதால், வத்தலக்குண்டு நோக்கி இறங்கத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதன்பிறகு மோட்டாரின் பிடிமானம் முன்போல இருக்காது. பிரேக்கையே நம்பி இறங்காமல், லீவரை 'B' என்ற நிலைக்கு மாற்றுங்கள். எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் சுழன்று வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

மூட்டை அடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். இவற்றில் பல வண்டிகளில் பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போவதற்குப் பின் சீட்டை ஒட்டி ஒரு சிறு ஜன்னல் இருக்கும். தலையணை, போர்வை, அதிரசம் வைத்த பை என்று எதையாவது வைத்து அதை அடைத்துவிடுவது எளிது. அடைத்தால் பேட்டரி சூடேறும், வண்டி அதன் உதவியைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த ஜன்னல் எங்கே என்று புறப்படும் முன் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் வரும் எண்ணையும் அதன் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கிராண்ட் விட்டாராவுக்குச் சொல்லப்படும் 27.97 கிலோமீட்டர், சோதனைக் கூடத்தில், ஏசி இல்லாமல், சராசரியாக மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில், 90-ஐத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. அந்தச் சோதனை ஹைபிரிட் வண்டிக்கு மிகவும் சாதகமானது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றலும் 7 சதவீதம் அளவுக்குக் குறைவு.

என் முடிவு இதுதான். தினமும் சென்னையிலோ கோவையிலோ நெரிசலில் அலுவலகம் போய்வந்து, வருடத்தில் சிலமுறை ஊருக்கு நெடும்பயணம் போகிறவருக்கு ஹைபிரிட் பொருத்தமான வண்டி. ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலைதான் என்பவர், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களைத் திரும்ப எடுப்பது கடினம். டெஸ்ட் டிரைவுக்குக் காலியான பைபாஸைத் தேர்ந்தெடுக்காமல், மாலை ஆறு மணிக்கு நெரிசலான சாலையில் ஓட்டிப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எஞ்சின் ஓடாமல் மோட்டார் மட்டும் இந்த வண்டியை நகர்த்துமா? நகர்த்தாது என்றால் அது மைல்ட் ஹைபிரிட். மேலே சொன்ன மிச்சத்தில் பெரும்பகுதி அதில் கிடைக்காது.