கடலில் விளையும் கண்ணுக்குத் தெரியாத பயிர்

சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் சென்றால் மாமல்லபுரம் வந்துவிடும். கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கடலும் ஒரு விளைநிலம்தான் என்றால் நம்புவீர்களா? அங்கே உழுவாரும் இல்லை, விதைப்பாரும் இல்லை. ஆயினும் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்கள் அந்த விளைச்சலை நம்பித்தான் வாழ்கின்றன.

அந்தப் பயிர் எது?

கடல் நீரில் மிதந்து திரியும் நுண்ணிய தாவரங்களே அந்தப் பயிர். இவற்றுக்குப் பைட்டோபிளாங்டன் என்று பெயர். தமிழில் தாவர மிதவை உயிரிகள் எனலாம். பெரும்பாலானவை ஒற்றைச் செல் உயிரிகள். மைக்ராஸ்கோப் இல்லாமல் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இவற்றுள் டயாட்டம் என்ற வகைக்குச் சிலிக்காவினால் ஆன அழகிய ஓடு உண்டு. சென்னைக் கடலோர டயாட்டம்களைப் பற்றி ஆர். சுப்பிரமணியன் என்ற விஞ்ஞானி 1946-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதி வெளியிட்டார்.

நெல்லைப் போலவே இவற்றுக்கும் வெயில், கரியமில வாயு, உரம் மூன்றும் வேண்டும். மழைக்காலத்தில் பாலாறும் உப்பங்கழிகளும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகிய உப்புகளைக் கடலில் கொண்டு சேர்க்கின்றன. பிறகு கலங்கல் தெளிந்து வெயில் ஏறும்போது பயிர் பெருகுகிறது.

மீனுக்குச் சோறு

மத்தி மீன் இந்த நுண்தாவரங்களைச் செவுள்களால் வடிகட்டி நேரடியாகவே தின்னும். மற்ற மீன்களுக்கு இந்த உணவு பல படிகளைக் கடந்து வருகிறது. கோபிபாட் என்ற சின்னஞ்சிறு விலங்கு நுண்தாவரங்களை மேய்கிறது. நெத்திலி கோபிபாட்டைத் தின்கிறது. நெத்திலியை வஞ்சிரம் விழுங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ வஞ்சிரம் வர, கடலில் சுமார் 1000 கிலோ நுண்தாவரம் விளைய வேண்டும்!

மூச்சுக் காற்றில் பங்கு

உலகில் ஆண்டுதோறும் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது. ஆனால் உலகத் தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. இது எப்படி? வேப்பமரம் பல்லாண்டு நிற்கிறது. இவையோ சில நாட்களே வாழ்கின்றன. ஆனால் ஓரிரு நாளில் இரண்டாகப் பிரிந்து பெருகிவிடுகின்றன.

அப்படியானால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி இந்த ஆண்டு கடலிலிருந்து வந்ததா? இல்லை. கடலில் உண்டாவதில் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. மடிந்த நுண்தாவரங்களில் ஒரு சிறு பங்கு மட்டும் மட்காமல் கடலடியில் புதைகிறது. அதிலுள்ள கரியும் காற்றுக்குத் திரும்பாமல் புதைந்துவிடுகிறது. அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் மிஞ்சுகிறது. காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜன் இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த சேமிப்பு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கி வைத்தவை நீலப்பச்சைப் பாசிகள்.

காற்றிலிருந்து உரம்

2007 மார்ச் மாதத்தில் கல்பாக்கம் கடலில் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி அடர்த்தியாகப் பெருகியதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அவரைச் செடியின் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா செய்யும் வேலையை இந்தப் பாசி தானே செய்கிறது. காற்றிலிருந்து வந்து நீரில் கரைந்துள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது.

விண்ணிலிருந்து ஒரு கண்

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். ஆகவே பயிர் மிகுந்த கடல் பச்சையாகவும், குறைந்த கடல் ஆழ்ந்த நீலமாகவும் தோன்றும். இந்த நிற வேறுபாட்டை அளக்கும் கருவியுடன் இந்தியாவின் ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள் 1999-இல் ஏவப்பட்டது. 2009-லும் 2022-லும் அதன் தம்பிகள் சென்றன. கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடம் எது என்று ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. இதனால் அலைச்சலும் டீசல் செலவும் மிச்சமாகின்றன.

அளவுக்கு மிஞ்சினால்

ஏரியிலும் உப்பங்கழியிலும் சாக்கடையும் வயல் உரமும் மிகுதியாகக் கலந்தால் இதே பயிர் கட்டுக்கடங்காமல் பெருகும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. சுவாசம் மட்டுமே நடக்கும். மடிந்தவை அழுகும்போதும் ஆக்சிஜன் செலவாகும். விடியும் முன் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். மீனுக்குச் சோறு போட்ட பயிரையே மீனுக்கு எமனாக்குவது நம் கழிவுநீர்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியர் துணையுடன் குளத்து நீரை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் எடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை டி.ஏ.பி. உரம் போடுங்கள். இரண்டையும் வெளிச்சம் படும் ஜன்னலோரம் இரண்டு வாரம் வைத்து, நிறம் மாறுவதைத் தினமும் குறித்து வாருங்கள். ஒரு சொட்டு நீரைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பிறகு பாட்டில்களை மூடி, ஒரு வாரம் இருட்டில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். எந்தப் பாட்டில் அதிகம் நாறுகிறது? ஏன்? விடையை எழுதி வையுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.