அரிமாவைக் காணல்

விலங்குகளுள் அரசு என்று புகழப்படுவது சிங்கம். கூண்டில் அடைபட்ட சிங்கத்தைப் பலரும் கண்டிருப்பர். அது தன் இயல்பில் உரிமையோடு உலவுவதைக் காண விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது ஆப்பிரிக்காக் கண்டத்தையே. அக்கண்டத்தின் கிழக்கே, தான்சானியா நாட்டின் வடபால், கண்ணுக்கெட்டிய தொலைவும் புல்வெளியாய்ப் பரந்து கிடப்பது செரெங்கெட்டி. மாசாய் மக்களின் மொழியில் 'எல்லையற்ற வெளி' என்பது இப்பெயரின் பொருள் என்பர். 1951 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இவ்விடம், 1981 இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இத்தகைய இடங்களில் விலங்குகளைக் காண வண்டியேறிச் செல்லும் உலாவினைச் 'சஃபாரி' என்பர். சுவாகிலி மொழியில் அச்சொல் பயணத்தைக் குறிக்கும்.

உலாவுக்குப் புதியவர் சிங்கம் எளிதில் தோன்றும் என எண்ணி ஏமாறுவர். காய்ந்த புல்லும் சிங்கத்தின் மேனியும் ஏறத்தாழ ஒரே நிறத்தன. மேலும், சிங்கம் நாளொன்றுக்கு 20 மணி நேரம் வரையிலும் ஓய்ந்து கிடக்கும் இயல்பினது. ஆதலின், வழியோரப் புல்லில் அது படுத்திருப்பினும் பழகாத கண்ணுக்குப் புலப்படாது. ஆனால், தேர்ந்த வழிகாட்டி அதனைக் கண்டுகொள்வார். அஃது எவ்வாறு? சிங்கத்தை முன்னரே கண்டுவிட்ட பிற உயிர்களை அவர் உற்று நோக்குகின்றார்.

நெடிய கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கி, மேய்வதை நிறுத்தி ஒரு திசையையே இமையாது நோக்கி நிற்குமாயின், அத்திசையில் பகை உண்டு. மான்கூட்டம் முழுதும் ஒரே புதரை நோக்கித் தலை நிமிர்ந்து நிற்பதும் அத்தகைய குறிப்பே. பிணந்தின்னிக் கழுகுகள் நிலத்தில் இறங்காமல் மரக்கிளையில் காத்திருப்பின், இரைக்கு உரியவர் இன்னும் அதனருகில் இருக்கக்கூடும் என உணரலாம். புழுதியில் பதிந்த அடிச்சுவடும் பேசும். சிங்கம் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதால், அதன் சுவட்டில் நகக்குறி பெரும்பாலும் இராது. கழுதைப்புலியின் சுவட்டில் அக்குறி தோன்றும். அமைதியான இரவில் எழும் முழக்கமோ 8 கிலோமீட்டர் வரையிலும் கேட்கக்கூடியது. வெயில் ஏறியபின் மரநிழலும் பாறைக்குன்றுகளுமே அதன் உறைவிடம். அங்கே, காதின் பின்புறக் கருமையும் வால்நுனியின் கருங்குஞ்சமும் அசைந்து அதனைக் காட்டிக்கொடுக்கும்.

சிங்கம் நடக்கையில் முன்னும் பின்னும் நோக்கும் என்பது பற்றி, நூற்பா முன்னும் பின்னும் நோக்கிப் பொருள் கொள்ள நிற்கும் முறைக்கு 'அரிமா நோக்கு' எனப் பெயரிட்டனர் தமிழ் இலக்கண நூலார். அரிமாவைக் காணப் புகுவோர்க்கும் அந்நோக்கே வேண்டற்பாலது.

கண்டபின் கடமை தொடங்குகின்றது. சிங்கம் கூட்டமாய் வாழும் விலங்கு. அக்கூட்டத்தில் பெண் சிங்கங்களே பெரும்பாலும் வேட்டையாடுகின்றன. அவை ஒலியின்றிப் பதுங்கி இரையை அணுகும். அப்பொழுது ஒரு வண்டி குறுக்கே புகுந்தால் இரை ஓடிவிடும். குட்டிகள் பசித்திருக்க நேரும். ஆகையால், காண்போர் வண்டியை விட்டு இறங்காமலும், ஆரவாரம் செய்யாமலும், சூழ்ந்து நெருக்காமலும் இருத்தல் வேண்டும்.

பொறுமையோடு காண்பதன் பயன் பெரிது. ஜார்ஜ் ஷாலர் என்னும் அறிஞர் 1966 ஆம் ஆண்டில் செரெங்கெட்டிச் சிங்கங்களை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி பிறரால் பல்லாண்டு தொடர்ந்தது. மீசைமயிரின் அடியிலுள்ள புள்ளிகள் சிங்கந்தோறும் வேறுபடும். அவற்றைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து குறித்து வைத்தனர். 1994 இல் 'டிஸ்டெம்பர்' என்னும் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாண்டது. இடைவிடாது கண்டு வந்தோர் இருந்தமையால் அவ்விழப்பின் அளவு விளங்கிற்று. அந்நோய் அண்டை ஊர்களின் நாய்கள் வாயிலாக வந்திருக்க வேண்டும் எனக் கருதினர். பின்னர் அந்நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

இன்று ஆப்பிரிக்காவில் எஞ்சியுள்ள காட்டுச் சிங்கங்கள் ஏறத்தாழ இருபதாயிரத்துச் சொச்சமே என மதிப்பிடுகின்றனர். மேய்நிலம் குறைவதும், இரை அருகுவதும், கண்ணியில் சிக்குவதும், கால்நடைகளைக் கொன்றதற்காகப் பழிவாங்கப்படுவதும் அவற்றின் அழிவுக்குக் காரணங்களாம். புல் இல்லையேல் மான் இல்லை. மான் இல்லையேல் அரிமா இல்லை. அரிமாவைக் காட்டித் தரும் அவ்வுயிர்களே அதனை வாழவைப்பனவும் ஆகும். இவ்வுண்மையை உணர்ந்து திரும்புபவரே அரிமாவை நன்கு கண்டவர் ஆவர்.