முசுக்கொட்டையில் வெள்ளைப் பூச்சியா? மருந்துக்கு முன்னால் பெயரைக் கேளுங்கள்

வேலியோரத்து முசுக்கொட்டையில் பழம் பறிக்கப் போனால், காம்பிலும் பழத்திலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஏதோ இருக்கிறது. "எந்தப் பூச்சியா இருந்தா என்ன, மருந்து அடிச்சா போச்சு" என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். முசுக்கொட்டையில் அப்படி அடித்துவிட முடியாது. அந்த இலையைத் தின்று வளரும் பட்டுப்புழுவும் பூச்சி இனம்தானே! இலையில் மருந்து மிச்சம் இருந்தால் புழு செத்துவிடும். திருப்புட்குழி, காஞ்சிபுரம் பக்கம் தறியில் ஏறும் பட்டுக்கு ஆரம்பமே இந்த இலைதான்.

இப்படி ஒரு புதுப் பூச்சி 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் தென்பட்டது. பப்பாளி, முசுக்கொட்டை, மரவள்ளி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. முசுக்கொட்டைக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. நுனி இலைகளைச் சுருட்டும் 'துக்ரா' பாதிப்புக்குக் காரணமே இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிதான். ஆனால் இது வேறு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் கண்டார்கள். மெழுகுப் பொடிக்கு அடியில் உடம்பு மஞ்சளாக இருக்கும். ஆல்கஹாலில் போட்டால் நீலக்கறுப்பாக மாறும்.

பெயர் தெரிந்ததும் சொந்த ஊரும் தெரிந்தது: மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அந்தப் பக்கத்தில் இதைத் தின்றே வாழும் எதிரிகள் உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் அமெரிக்க வேளாண் துறை உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக வேலை செய்தது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவுதான். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு உள்ளேயிருந்தே தின்னும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்தக் குளவிகளைப் பெருக்கி வயல்களில் விட்டது. மருந்துக்கு மசியாத பூச்சி இதில் அடங்கியது.

ஆனால் இந்தக் குளவி மற்ற மாவுப்பூச்சிகளுக்கு உதவாது. பின்னாளில் மரவள்ளிக்கு வந்த வேறொரு மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறு குளவியைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. பெயர் தப்பினால் வைத்தியமும் தப்பும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சி இரண்டு மில்லிமீட்டர் அளவு, மெதுவாக நகரும். அதன் நடுவே நீள நீளமான வெள்ளை இழைகளோடு, அரை அங்குலம் வரை பெரிதாக, விறுவிறுவென ஓடுவது தெரிந்தால் அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது அது! ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அப்படித்தான். மாவை மேலே பூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு முகம் மாதிரியே இருக்கும். இவற்றையும் சேர்த்து மருந்தடித்துக் கொன்றால் மாவுப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, யாரிடம் கேட்பது? முசுக்கொட்டை என்றால் பட்டு வளர்ச்சித் துறை, பழப்பயிர் என்றால் தோட்டக்கலைத் துறை, மற்ற பயிர்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். உதவி வேளாண்மை அலுவலர் உங்கள் ஊருக்கு வரும் நாளை உழவன் செயலியில் பார்க்கலாம். செல்போன் கையில் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாமே. 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், அளவு புரியும். எந்தச் செடி, எந்தப் பாகம், எப்போதிலிருந்து என்பதையும் எழுதுங்கள். நாலைந்து பூச்சிகளைச் சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு எடுத்துச் செல்லலாம். கிளையை ஒடித்துத் திறந்தபடி மட்டும் கொண்டு போகாதீர்கள். அதிலிருக்கும் குஞ்சுகள் காற்றிலேயே பரவி, வழியில் உள்ள தோட்டத்திலும் ஏறிவிடும்.