புலி கொல் யானை: யார் யாரைக் கொன்றது?

போன மாசம் ஒரு ராத்திரி நான் பண்ணின தப்பிலிருந்து தொடங்குகிறேன். சி மொழியில் மெம்காப்பி என்ற ஃபங்ஷனுக்கு முதலில் 'எங்கே', அடுத்து 'எங்கிருந்து' என்று தர வேண்டும். லினக்ஸின் சிபி கட்டளைக்கு நேர் எதிர் வரிசை. நாள் முழுக்க சிபி அடித்த பழக்கத்தில் மெம்காப்பியையும் அப்படியே எழுதிவிட்டேன். நல்ல டேட்டா மேல் வெறும் பூஜ்யங்கள் ஏறிவிட்டன. கம்பைலர் வாயே திறக்கவில்லை. அதுக்கு இரண்டும் முகவரிதானே!

அந்த எரிச்சலில் லோஜ்பானை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-ல் தொடங்கிய லோக்லானிலிருந்து பிரிந்து, 1987-ல் உருவாகத் தொடங்கிய செயற்கை மொழி இது. ஒரு வாக்கியத்தை ஒரே விதமாகத்தான் பிரிக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை.

லோஜ்பான் வினைகளுக்கு நம்பர் போட்ட இருக்கைகள் உண்டு. 'க்லாமா' (போ) என்றால் வரிசை இது: போகிறவர், சேரும் இடம், கிளம்பிய இடம், வழி, வாகனம். மெம்காப்பி மாதிரியே சேரும் இடம்தான் முன்னால்.

தமிழில் இந்தக் கவலை இல்லை. "அண்ணன் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியாருக்கு டவுன் பஸ்ல போறார்" என்பதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அண்ணன் பெரியாருக்குத்தான் போய்ச் சேருவார். '-இலிருந்து', '-க்கு' என்ற உருபுகளே இருக்கையைச் சொல்லிவிடுகின்றன. லோஜ்பானிலும் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் ஃபா, ஃபே, ஃபி, ஃபோ, ஃபு என்று இருக்கை எண்ணைச் சொல்லும் குட்டிச் சொற்களை முன்னால் போட வேண்டும்.

ஆனால் இரண்டு சொல்லை ஒட்டும்போது நம் உருபு மறைந்துவிடும். அதனால்தான் அதுக்குப் பேரே தொகை. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்கும். தூக்க மாத்திரை தூக்கத்தைத் தரும். உருபோடு 'போக்கும்', 'தரும்' என்ற சொற்களும் சேர்ந்து மறைந்ததால், நம் இலக்கணம் இதை 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்கிறது. 'எலி தின்ற பூனை', 'பூனை தின்ற எலி' இரண்டும் ஒரே அச்சு. தின்றது யார் என்பதை நாம் வாக்கியத்திலிருந்து அல்ல, உலக அனுபவத்திலிருந்து எடுக்கிறோம்.

இரண்டுமே கொல்லக்கூடிய பிராணியாக இருந்தால்? அங்கேதான் 'புலி கொல் யானை' வருகிறது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் இதற்கென்றே 'தடுமாறு தொழிற்பெயர்' என்று பெயர் வைத்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமையும் வரலாம், மூன்றாம் வேற்றுமையும் வரலாம். பொருளைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்பது அதன் தீர்வு.

லோஜ்பானின் தீர்வு வேறு. சொற்களைச் சும்மா பக்கத்தில் வைத்தால் அது 'தன்ரு'. அதில் பொருள் மயக்கம் இருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. துண்டுகளாக வெட்டி ஒட்டினால் 'லுஜ்வோ'. அதற்கு ஒரே பொருள்தான். 'கெர்கு' (நாய்), 'ஸ்தானி' (கூடு, வீடு) சேர்ந்து 'கெர்ஸ்தா', அதாவது நாய்க்கூண்டு. கூண்டில் குடியிருப்பவரும் நாயும் ஒரே ஆள் என்பதால் அந்த இரண்டு இருக்கைகளும் ஒன்றாகிவிடும். 'ஷத்ரா' (கொல்) என்பதில் முதல் இருக்கை கொன்றவருக்கு, இரண்டாவது செத்தவருக்கு. 'செல்' என்ற துண்டை முன்னால் ஒட்டி 'செல்ஷத்ரா' ஆக்கினால் இரண்டும் இடம் மாறும். யானை செத்ததா கொன்றதா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

எது மேல் என்று கேட்டால், கேட்பவரைப் பொறுத்தது. எதிரில் மனுஷன் இருந்தால் தொல்காப்பியர் வழி போதும், அவர் புரிந்துகொள்வார். எதிரில் கம்பைலர் இருந்தால் போதாது. அன்று ராத்திரிக்கு அப்புறம், மெம்காப்பியைச் சுற்றி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, 'எங்கே', 'எங்கிருந்து' இரண்டுக்கும் தனித்தனி டைப் கொடுத்துவிட்டேன். மாற்றிப் போட்டால் இப்போது கம்பைலர் கத்துகிறது. தொகையாக இருந்ததை விரித்து, உருபைத் திரும்ப ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.